மேடான் தெருக்களில் சாப்பிட வருகிறீர்களா? முதலில் மணியைப் பாருங்கள்

மேடானுக்கு வரும் சொந்தக்காரர்கள் பையை இறக்கி வைத்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இங்கே எந்தக் கடை நல்லா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "இப்போ மணி என்ன?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எல்லோரும் அப்படித்தான் யோசிப்போம். காலை ஏழு மணிக்கு நடைபாதையில் லோந்தோங் விற்கும் அக்கா, பத்து மணிக்கெல்லாம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மதியம் அதே இடத்தில் ஐஸ் வண்டி நிற்கும். இருட்டியதும் அங்கேயே சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) புகையும். முகவரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் வேளை தவறிப் போய் நிற்பீர்கள். அதனால் இந்தக் கட்டுரையையும் கடைவாரியாக எழுதாமல் வேளைவாரியாகவே எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. இந்தோனேசியாவில் வடக்கு சுமத்திரா மாநிலத்தின் தலைநகரம் மேடான். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே 24 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 1863-இல் யாக்கோபுஸ் நீன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் டெலி சுல்தானின் பகுதியில் புகையிலை பயிரிட வந்தார். தோட்டங்கள் பெருகப் பெருக, சீனாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கூலி வேலைக்கு ஆட்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். எங்கள் குடும்பம் வந்த வழியும் அதுதான். மலாய், காரோ மக்கள் முன்பே இங்கே இருந்தார்கள். தோபா பத்தாக், மண்டைலிங், மினாங், ஆச்சே மக்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் அவரவர் அடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஒரே தெருவில் அரை மணி நேரம் நடந்தால் இத்தனை பேர் சமையலையும் மோந்துவிடலாம்.

இங்கே காபிக்கடை, பலசரக்குக் கடை எல்லாவற்றையும் "கெடே" என்பார்கள். மலாய் மொழியில் கெடாய். அது நம்முடைய "கடை" தான்.

வெளியே கிளம்புவதற்கு முன்

ரூபியா நோட்டில் சுழியங்கள் அதிகம். நிறத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது: 100,000 சிவப்பு, 50,000 நீலம், 20,000 பச்சை, 10,000 ஊதா, 5,000 பழுப்பு, 2,000 சாம்பல். விலை சொல்பவர்கள் கடைசி மூன்று சுழியங்களை விழுங்கிவிடுவார்கள். "லீமா பெலாஸ்" என்றால் பதினைந்து. அவர் கேட்பது 15,000. காலைக் கடைக்கு 100,000 நோட்டோடு போகாதீர்கள். முதல் வியாபாரத்தில் சில்லறை இருக்காது, பாவம், அவர் பக்கத்துக் கடைகளுக்கு ஓடவேண்டியிருக்கும். இப்போது தள்ளுவண்டியில்கூட க்ரிஸ் எனப்படும் கியூஆர் அட்டை தொங்குகிறது. மலேசியா, சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சிலவும் அதில் வேலை செய்யும். ஆனாலும் 10,000, 20,000 நோட்டுகள் கொஞ்சம் சட்டைப்பையில் இருக்கட்டும். வண்டி நிறுத்தினால் பார்க்கிங் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் சில்லறை வேண்டும்.

அடுத்தது பேச்சு. விற்பவர் ஆணாக இருந்தால் "பாங்", அதாவது அண்ணே. பெண்ணாக இருந்தால் "காக்", அக்கா. வயதில் பெரியவர்களை "பாக்", "பூ" என்று கூப்பிடுங்கள். சீனக் கடைகளில் "கோ", "சீ". கூப்பிடாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டிக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. ஒரு "பாங்" போட்டுப் பாருங்கள், கூடுதலாக ஒரு கரண்டிக் குழம்பு தட்டில் விழும்.

பிறகு நான்கு சொற்கள் போதும். "பெராப்பா" என்றால் எவ்வளவு. "புங்குஸ்" என்றால் பொட்டலம். "ஜாங்ஙான் பெடாஸ்" என்றால் காரம் வேண்டாம். நான்காவதுதான் முக்கியம்: "செத்தெங்ஙா", பாதி. பாதித் தட்டு கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு காலையில் மூன்று கடை பார்க்க வேண்டுமானால் முழுத் தட்டு வாங்கக் கூடாது. முதல் கடையிலேயே வயிறு நிறைந்து திரும்பிய விருந்தாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜகார்த்தாவில் இந்தோனேசிய மொழி பழகி வந்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மற்ற ஊர்களில் "பஜாக்" என்றால் வரி. மேடானில் சந்தை. "பஜாக்கில் சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால் பயப்படாமல் கூடவே போங்கள். "கெரேத்தா" மற்றவர்களுக்கு ரயில், எங்களுக்கு மோட்டார் சைக்கிள்.

காலை: ஆறரை முதல் ஒன்பதரை வரை

முதல் நாள், முதல் தட்டு, லோந்தோங் மேடான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாழை இலைச் சுருளில் அரிசியை அடைத்து மணிக்கணக்கில் வேகவைத்தால் அது இறுகிக் கட்டியாகிவிடும். அதுதான் லோந்தோங். வில்லை வில்லையாக வெட்டித் தட்டில் போட்டு, அதன்மேல் சௌசௌ அல்லது இளம் பலாக்காய் போட்ட தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றுவார்கள். அதோடு முடிந்தால் அது வேறு ஊர் லோந்தோங். எங்கள் ஊரில் அதன்மேல் தவ்ச்சோ வரும்: புளிக்கவைத்த சோயா, பச்சைமிளகாயோடு சேர்ந்து உப்பும் உறைப்புமாக இருக்கும். அப்புறம் மிளகாய் பூசிய அவித்த முட்டை, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் நெத்திலியும் வறுத்த சம்பல் (மிளகாய் விழுது), வறுத்த தேங்காய்ப்பூ, கேட்டால் ஒரு துண்டு ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த இறைச்சி), எல்லாவற்றுக்கும் மேல் சிவப்பு அப்பளம். "கொம்ப்ளிட்?" என்று கேட்பார்கள். எல்லாம் சேர்த்தா என்று அர்த்தம். தலையாட்டுங்கள். இங்கே நெத்திலிக்குத் தெரி என்று பெயர். மேடான் தெரி நாடு முழுக்கப் பேர்போனது. ஊருக்குப் போகும்போது அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பிடும் முறையும் உண்டு. உடனே எல்லாவற்றையும் குழைக்காதீர்கள். முதலில் ஓரத்தில் இருக்கும் குழம்பை மட்டும் ருசி பாருங்கள். பிறகு தவ்ச்சோவை அதில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ருசி மாறிக்கொண்டே போகும். அப்பளம் நனையும் முன் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் குழம்பில் ஊறவிடுங்கள்.

லோந்தோங் இல்லாவிட்டால் நாசி குரி, தேங்காய்ப்பாலில் வடித்த சோறு. அல்லது மீ பாலாப். மீ என்றால் நூடுல்ஸ். பாலாப் என்றால் பந்தயம்; சமைப்பவர் கை வேகத்தைப் பார்த்தாலே பெயர்க் காரணம் தெரிந்துவிடும். பத்தாக் மக்கள் அதிகம் கூடும் சந்தைகளில் மீ கோமாக் கிடைக்கும். தடித்த நூடுல்ஸைக் கையால் அள்ளி வைப்பதால் அந்தப் பெயர். அதன் சம்பலில் அண்டாலிமான் என்ற சிறு மிளகு இருக்கும். தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் விளைவது. எலுமிச்சை வாசம் அடிக்கும், கடித்த சில நொடியில் நாக்கு மரத்துப்போகும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் ஏதோ ஒவ்வாமை என்று பதறுவார்கள். ஒன்றும் ஆகாது, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். அதற்குள் இன்னொரு வாய் கேட்கத் தோன்றும்.

காபி குடிக்கிறவர்களுக்கு இந்த மாநிலம் சொர்க்கம். சீடிக்காலாங், மண்டைலிங், லிந்தோங் என்று உலகம் அறிந்த காபிகள் எல்லாம் இந்த மலைகளில் விளைபவை. பழைய சீனக் காபிக் கெடேயில் உட்கார்ந்து ஒரு கோப்பை குடியுங்கள். பால் வேண்டும் என்றால் டின் பால்தான் வரும்.

மதியம்

மதியத்துக்குச் சோத்தோ மேடான். ஜாவாவின் சோத்தோ பல இடங்களில் தெளிந்த சாறாக இருக்கும். எங்களுடையது மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கெட்டிச் சாறு. கோழியோ மாடோ தனியாகப் பொரித்து வைத்திருப்பார்கள். கேட்டபின் சிறு துண்டுகளாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, மேலே கொதிக்கும் சாறை ஊற்றுவார்கள். கூட பெர்கெடெல், அதாவது பொரித்த உருளைக்கிழங்கு வடை ஒன்று வரும். அதைச் சாற்றுக்குள் உடைத்துவிடுங்கள், சாறு இன்னும் கெட்டியாகும். ஜாலான் (தெரு) செய் டெலியில் இருக்கும் சினார் பாகி இதற்குப் பெயர்போன இடம். சினார் பாகி என்றால் காலை வெளிச்சம். பெயரிலேயே வேளை இருக்கிறது, பொழுது சாயப் போகாதீர்கள்.

சோற்றுக் கடைகளில் "டாவுன் ஊபி தும்புக்" என்று கேளுங்கள். மரவள்ளிக் கீரையை உரலில் இடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. அதில் பச்சையாக உருண்டு கிடப்பது என்ன தெரியுமா? சுண்டைக்காய். இங்கே ரிம்பாங் என்பார்கள். வெளியூரில் இருந்து வரும் எங்கள் பாட்டிமார்கள் முகம் மலர்வது இந்தத் தட்டைப் பார்த்துத்தான்.

இப்போது பலகை படிக்கும் பாடம். பத்தாக், காரோ உணவுக் கடைகளின் வாசலில் "பி1", "பி2", "பிபிகே" என்று எழுதியிருக்கும். பி2 என்றால் பன்றி இறைச்சி, பி1 என்றால் நாய் இறைச்சி. பிபிகே என்பது காரோ முறையில் சுட்ட பன்றி. பாடாங் புலான் பக்கம் ஜாலான் ஜாமின் கிந்திங் நெடுக இந்தக் கடைகள் உண்டு. பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு இது தவறவிடக் கூடாத சாப்பாடு. கூட வரும் கறுத்த குழம்பில் இரத்தம் சேர்ந்திருக்கும், தெரிந்து கேளுங்கள். சாப்பிடாதவர்கள் பலகையைப் படித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். எதையும் மறைத்து விற்கும் பழக்கம் இங்கே இல்லை, அதற்காகத்தான் அந்த எழுத்துகள்.

மாலை: ரூஜாக் ஒரு தட்டு

நான்கு மணி வாக்கில் வெயில் தாழ்ந்ததும் பெரிய பள்ளிவாசல் பக்கம் போங்கள். அல் மாஷுன் பள்ளிவாசல் 1909-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் எதிரே ஸ்ரீ டெலி பூங்காவில் ஒரு குளம் இருக்கிறது. அந்தக் குளத்தால்தான் இங்கே விற்கும் பழக் கலவைக்கு ரூஜாக் கோலாம் என்று பெயர். மலாயில் கோலாம் என்றால் குளம், சொல்லும் நம்முடையதுதான்.

விற்பவர் அகலமான கல்லில் மிளகாய், வேர்க்கடலை, பனைவெல்லம், புளி, கூடவே துவர்ப்பான வாழைக்காய்த் துண்டு எல்லாம் வைத்து உங்கள் கண் முன்னால் அரைப்பார். எத்தனை மிளகாய் என்று கேட்பார். நம் ஊர்க் காரம் தாங்கும் நாக்கு என்றாலும் முதல்முறை இரண்டோடு நிறுத்துங்கள், சின்ன மிளகாயாக இருந்தாலும் அது சுள்ளென்று ஏறும். வெள்ளரி, அன்னாசி, மாங்காய், கொய்யா எல்லாம் வெட்டி அதில் புரட்டித் தருவார்.

வெயிலில் அலைந்தபின் ஐஸ் போட்ட தேநீர் வேண்டும் என்றால் "மண்டி" என்று கேளுங்கள். "தே மானிஸ் டிங்ஙின்" என்பதன் மேடான் சுருக்கம். அகராதியில் பார்த்தால் மண்டி என்பதற்குக் குளியல் என்று இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் துளை உள்ள உருளை ஐஸ் ஆலையில் குடிநீரில் செய்தது, அதைக் குடிக்கலாம். பெரிய பாளத்தை உடைத்துப் போட்டால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பள்ளியில் படித்தபோது ஒரு தள்ளுவண்டியில் அப்படி வாங்கிக் குடித்துவிட்டு மூன்று நாள் படுத்திருந்தேன். அன்றிலிருந்து முதலில் ஐஸைத்தான் பார்ப்பேன். உணவைப் பொறுத்தவரை கூட்டம் உள்ள கடை, கண் முன்னால் நெருப்பில் வேகும் பண்டம், இந்த இரண்டும் போதும்.

இரவு: கம்போங் மெட்ராஸ்

இது என் பேட்டை. கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்.

ஜாலான் ஜைனுல் அரிஃபின் சுற்றிய இந்தப் பகுதியை முன்பு கம்போங் கெலிங் என்றார்கள். தமிழர்களை இழிவாகக் குறிக்கும் சொல் என்பதால் பெயர் மாறி இப்போது கம்போங் மெட்ராஸ். 1880-களில் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் ஜாலான் தேக்கு உமாரில் இருக்கிறது. மாலை விளக்கு வைத்ததும் அம்மனைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே ஜாலான் பாகாருயுங் போய்விடலாம். இருட்டியதும் அந்தத் தெருவில் வரிசையாகக் கடைகள் விளக்கேற்றும்.

ரொட்டி சானேயில் தொடங்குங்கள். நம் பரோட்டாவின் தம்பி. வீசி விரித்து, மடித்து, கல்லில் போட்டு, எடுத்ததும் இரு கையாலும் அடித்து உதிர்ப்பார்கள். தொட்டுக்கொள்ள காரி கம்பிங், ஆட்டுக் குழம்பு. மர்த்தாபாக் கேட்டால் "கோழி முட்டையா, வாத்து முட்டையா?" என்பார்கள். வாத்து என்று சொல்லுங்கள், மெத்தென்று வரும், விலை கொஞ்சம் கூடும். கூட வரும் வெங்காய ஊறுகாயை ஒதுக்காதீர்கள், எண்ணெய்க்கு அதுதான் மருந்து.

இந்தத் தெருவில் பழைய கடைக்காரர்கள் சிலரிடம் தமிழில் பேசிப் பாருங்கள். பெரியவர்கள் பதில் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் புரியும், பேச வராது. தமிழ் கேட்டதும் அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் ஊரிலிருந்து வருகிறவர்களை இங்கே அழைத்துப் போகிறேன்.

தெருவில் மற்றவர்களின் கடைகளும் உண்டு. சாத்தே பாடாங் ஒரு தட்டு வாங்குங்கள்: குச்சியில் சுட்ட மாட்டிறைச்சியின் மேல் அரிசிமாவு கலந்த மஞ்சள் குழம்பு கெட்டியாக ஊற்றித் தருவார்கள். கடைசியாகத் தேஎஸ்தே, அதாவது தே சூசு தெலூர். மஞ்சள் கருவை நுரைக்க அடித்து, மேலே கொதிக்கும் தேநீரும் டின் பாலும் ஊற்றுவது. முட்டை வாடை அடிக்குமோ என்று தயங்குவீர்கள். நன்றாக அடித்திருந்தால் அடிக்காது.

சாப்பிட்டு முடித்ததும் மேசையில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அது கை கழுவ. சென்னையிலிருந்து வந்த சித்தி மகன் அதை ரசம் போல எடுத்து வாயில் வைக்கப் போனபோது கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

சீனச் சாப்பாடு வேண்டுமென்றால் வேறொரு இரவை ஜாலான் செலாட் பாஞ்சாங்குக்கு ஒதுக்குங்கள். நூடுல்ஸும் பன்றி வறுவலும் அங்கே பிரமாதம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

நேராகவே சொல்லிவிடுகிறேன்: கஷ்டம், ஆனால் முடியும். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைத் தவிர்ப்பது எளிது. தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. தெராசி என்ற இறால் விழுது பெரும்பாலான சம்பலில் இருக்கும், ரூஜாக்கிலும் இருக்கலாம். காய்கறிக் குழம்பில் காய்ந்த இறாலோ நெத்திலியோ கிடக்கும். மரவள்ளிக் கீரையிலும் அப்படித்தான். "தான்பா டாகிங்" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் இறால் போட்டுத் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. "தான்பா தெராசி, தான்பா ஊடாங், தான்பா ஈக்கான்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. மேடானில் பௌத்த சீனர்கள் நடத்தும் சைவக் கடைகள் நிறைய. பலகையில் "வெஜெத்தாரியான்" என்று இருக்கும். சீன மாதத்தின் 1-ஆம், 15-ஆம் நாட்களில் சீனர்கள் பலர் சைவம் இருப்பார்கள், அன்று அந்தக் கடைகளில் இடம் கிடைப்பதே கடினம். முழுக்கச் சைவமான லோந்தோங்கூட அங்கே சாப்பிடலாம். தள்ளுவண்டி வாழைப்பழ பஜ்ஜியான பிசாங் கோரெங் எப்போதும் கைகொடுக்கும்.

ரமதான் மாதத்தில் வந்தால்

மேலே சொன்ன காலை, மதியக் கணக்கு எல்லாம் மாறிவிடும். முஸ்லிம் கடைகள் பகலில் மூடியிருக்கும், அல்லது திரை கட்டியிருக்கும். சீன, பத்தாக் கடைகளில் சாப்பிடலாம். தெருவில் நடந்துகொண்டே தின்பதை மட்டும் தவிருங்கள். நான்கு மணிக்குமேல் நோன்பு திறக்கும் பண்டங்களின் சந்தை கூடும். மூங்கிலில் சுட்ட லெமாங் சோறு கிடைக்கும். பாக்காட்டும் வரும், பிரம்பின் இளங்குருத்தைத் தணலில் சுட்டது, கசக்கும், மண்டைலிங் மக்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பெரிய பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் வழங்குவார்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசையே பழக்கப்பட்டதாகத் தோன்றும்.

டுரியான், அப்புறம் பயணப் பொட்டலம்

டுரியானை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். ஜாலான் வாஹித் ஹாஷிமில் உள்ள ஊசோக் டுரியான் இரவு முழுக்கத் திறந்திருக்கும். உட்கார்ந்ததும் "மானிஸா, பாஹிட்டா?" என்பார்கள், இனிப்பா, கசப்பா. பழகிய வாய் கசப்பைத்தான் கேட்கும். நீங்கள் ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு சொல்லுங்கள். விலையைப் பழம் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டிய பழம் சரியில்லை என்றால் தயங்காமல் சொல்லலாம், மாற்றித் தருவார்கள். தின்றபின் ஓட்டின் குழிவில் தண்ணீர் ஊற்றி அதிலேயே கை கழுவினால் வாடை போகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விடுதி அறைக்குள் டுரியானைக் கொண்டு போகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

திரும்பும் நாளில் ஜாலான் மோஜோபாஹிட்டுக்குப் போய் பீக்கா அம்போன் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரில் அம்போன் தீவு இருந்தாலும் பண்டம் மேடானுடையது. மரவள்ளி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட மஞ்சள் கேக். வெட்டிப் பார்த்தால் தேன்கூடு போல நெடுக்குக் குழல்கள் தெரியும். கடையில் சுவைக்கத் துண்டு கொடுப்பார்கள், இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிப் பார்த்தே வாங்குங்கள். அன்று சுட்டது வேண்டும் என்று கேளுங்கள், சில நாளுக்கு மேல் தாங்காது. விமான நிலையம் குவாலா நாமுவுக்கு ஊர் நடுவில் உள்ள ரயில் நிலையத்திலிருந்தே வண்டி உண்டு. பெட்டியைச் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அமுங்கினால் குழல்கள் ஒட்டிக்கொள்ளும்.